படகு இன்ஜின் சூடேறினால் தண்ணீர் போகும் வழியே போய்ப் பாருங்கள்

"அண்ணே, ஹீட் ஆகுது. தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிட்டேன், அப்பவும் முள்ளு ஏறுது." முத்துப்பேட்டையிலிருந்து வந்தாலும் பழையாற்றிலிருந்து வந்தாலும் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) நல்லதாகவே இருந்திருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

நம் டெல்டாவில் படகு ஓடுவது தெளிந்த கடல் தண்ணீரில் மட்டும் இல்லை. கொள்ளிடம் பழையாற்றில், அரசலாறு காரைக்காலில், கடுவையாறு நாகப்பட்டினத்தில், கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை லகூனில் என்று ஒவ்வொரு ஆறும் தன் வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில்தான் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால்களிலிருந்து அடித்து வரும் ஆகாயத்தாமரை, பாலித்தீன் பை, அறுந்த வலைத்துண்டு எல்லாமே அந்தத் தண்ணீரில் மிதக்கும். அதைத்தான் உங்கள் இன்ஜின் உறிஞ்சுகிறது. அதனால் பாகம் வாங்கக் கடைக்குப் போகும் முன் படகுக்கு வெளியே தொடங்குங்கள். தண்ணீர் எந்த வழியில் உள்ளே போகிறதோ, அதே வழியில் நீங்களும் போங்கள்.

பெரும்பாலான படகுகளில் இரண்டு தண்ணீர் ஓட்டம் உண்டு. ஒன்று உப்புத் தண்ணீர். அடிவால்வு (படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் வாயில் உள்ள வால்வு), வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் (இறக்கைச் சக்கரம்) வைத்த பம்ப், கியர் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடைசியில் சைலன்சர் வழியாக வெளியே. இன்னொன்று நல்ல தண்ணீர். கூலன்ட் கலந்து, மேலே உள்ள டேங்க், இன்ஜின், தெர்மோஸ்டாட், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று உள்ளேயே சுற்றி வருவது. இரண்டும் சந்தித்துச் சூட்டைக் கைமாற்றும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான், அங்கேயும் ஒன்றோடொன்று கலக்காது. லாரி இன்ஜினைப் படகுக்கு மாற்றிப் பொருத்தியவர்கள் சிலர் உப்புத் தண்ணீர் ஓட்டமே இல்லாமல், படகின் அடியில் குழாய் ஓட்டி நல்ல தண்ணீரை அதில் ஆற வைப்பார்கள். உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்வதில் பாதி ஒன்றுக்குப் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது.

முள் ஏறிவிட்டது, இப்போது என்ன செய்வது

ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள இன்ஜினில் 75 முதல் 85 டிகிரிக்குள் முள் நின்றால் நல்லது. 95-ஐத் தாண்டினால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் எட்டிப் பாருங்கள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடட்டும், தேங்கிய சூடு இறங்கும். தண்ணீரே விழவில்லை என்றாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, ஆவி கிளம்பினாலோ அப்போதே நிறுத்துங்கள். முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் மாட்டியிருந்தால் இன்ஜினைத் தொடும் முன் நங்கூரத்தைப் போடுங்கள்.

டேங்க் மூடியில் கை வைக்காதீர்கள். மூடியில் 0.9 என்று போட்டிருந்தால் அது 0.9 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஒன்றாகக் கொதித்து முகத்துக்கு வரும். முழங்கையிலிருந்து கழுத்து வரை வெந்து, ஒரு மாதம் வாழை இலையில் படுத்துக்கிடந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். கையால் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

பின்னால் தண்ணீர் விழவில்லை, அல்லது நூலாக விழுகிறது

டெல்டாவில் நான் பார்க்கிற சூட்டுக் கோளாறுகளில் அடிக்கடி வருவது இதுதான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

அடிவால்வை மூடி, வடிகட்டியின் மூடியைத் திறந்து கூடையை வெளியே எடுங்கள். சேறு, இலை, இறால் குஞ்சு, பிளாஸ்டிக் நூல் என்று எது இருந்தாலும் கழுவுங்கள். பிறகு வடிகட்டி மூடி திறந்தபடியே, ஒரு கை வால்வின் மேல் இருக்க, வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வடிகட்டி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வர வேண்டும். கசிந்து வந்தால் அடைப்பு அதற்கும் வெளியே, படகின் அடிவாயில் இருக்கிறது. பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டிருந்தால் இன்ஜினை நிறுத்தியதும் தானே விழுந்துவிடும், மறுபடி ஓடும்போது மறுபடி ஒட்டும். "அரை மணி நல்லா ஓடுது, அப்புறம் ஏறுது, நிறுத்தி எடுத்தா சரியாயிடுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பையைத்தான் சந்தேகப்படுவேன். கொட்டலசு (படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி) படிந்து வாய் சுருங்கியிருந்தால் ஒருவர் இறங்கித்தான் சுரண்ட வேண்டும். இறங்கும் முன் சாவியை எடுத்து, இறங்குகிறவர் இடுப்பிலேயே கட்டிவிடுங்கள். அடிவால்வு பக்கத்தில் ஒரு மர ஆப்பு கயிற்றில் கட்டித் தொங்குவது எல்லாப் படகிலும் இருக்க வேண்டும். வால்வு உடைந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

வடிகட்டி வரை தண்ணீர் நன்றாக வருகிறது, பின்னால் வரவில்லை. அப்படியானால் பம்ப். ஆனால் அதற்கும் முன் ஒன்று பாருங்கள்: வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். கண்ணாடி மூடி என்றால் உள்ளே குமிழி ஓடுவது தெரியும். பம்புக்குப் போகும் ஹோஸ் உள்ளே கம்பி வைத்ததாக இருக்க வேண்டும். சாதாரணத் தோட்டத்து ஹோஸைப் போட்டிருந்தால் வேகம் கூட்டும்போது உறிஞ்சலில் சப்பையாகிவிடும், வேகம் குறைத்தால் விரிந்துவிடும். கையால் பிடித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

இப்போது இம்பெல்லர். தண்ணீர்தான் அதற்கு மசகு. காய்ந்து ஓடினால் ஒரு நிமிடமே போதும், இறக்கைகள் கருகி உதிரும். அடிவால்வை மூடி, பம்பின் முன்தகட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு துணியில் போடுங்கள், அடித்தொட்டியில் விழுந்தால் ஆயில் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். இம்பெல்லரை இழுக்கும் முன் இறக்கைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்பின் உதடு கீறும், கீறிய பம்ப் பிறகு காற்று பிடிக்கும். மூக்குக் குறடால் நடுவில் பிடித்து நேராக இழுங்கள்.

வெளியே எடுத்ததும் இறக்கைகளை எண்ணுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

போன ஐப்பசியில் பழையாற்றில் ஒரு பைபர் படகு. இரண்டு மாதத்தில் இரண்டு இம்பெல்லர், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு பெல்ட் மாற்றிவிட்டார்கள். வேலை பார்த்தவர் ஒவ்வொரு தடவையும் உடைந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பம்பிலிருந்து கியர் ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று சேறு, அதற்குப் பின்னால் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. மூக்குக் குறடால் இழுத்தபோது முதல் துண்டு வந்தது, அறுந்த செருப்பு வார் மாதிரி கறுப்பாக. அடுத்தது. மூன்றாவது துண்டு கூலரின் வாயில் குறுக்கே நின்று, அதன் மேல் இரண்டு விரல்கடை வண்டல் கட்டியிருந்தது. படகுக்காரர் அந்த மூன்று துண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது அவருக்கு, இந்த மூன்று ரப்பர் துண்டுக்காக. குறைகிற இறக்கை எத்தனையோ, அத்தனை துண்டும் கையில் கிடைக்கும் வரை புதிய இம்பெல்லரைப் போடாதீர்கள். பம்பின் வெளிவாய், ஹோஸின் வளைவு, கூலரின் முகம், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முதல் மூடி, இந்த வரிசையில் தேடுங்கள்.

புதியது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். இறக்கை எண்ணிக்கை, அகலம், நடுத்துளையின் பல் அல்லது சாவிக்காடி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்து, இரண்டு மில்லிமீட்டர் அகலம் குறைந்த ஒன்றை ஒரு கடையில் என்னிடமே தலையில் கட்டிவிட்டார்கள். தகட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே இடைவெளி விழுந்து தண்ணீரே ஏறவில்லை. மாட்டும்போது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரையோ கிளிசரினையோ தடவுங்கள், சாதாரண கிரீஸ் அந்த ரப்பரை உப்ப வைக்கும். பம்ப் சுற்றும் திசையிலேயே இம்பெல்லரைத் திருகிக்கொண்டே உள்ளே அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் படுக்கும். முன்தகட்டின் உள்முகம் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தால், பல தகடுகளைப் புரட்டிப் போட்டே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். காகித கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள், தடிமன் பழைய அளவே இருக்கட்டும்.

பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போயிற்று, ஆயில் சொட்டினால் ஆயில் சீல். சிலர் அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அடைத்தால் உப்புத் தண்ணீர் பேரிங்குக்கும், அங்கிருந்து இன்ஜின் ஆயிலுக்கும் போகும்.

தண்ணீர் நன்றாக விழுகிறது, ஆனால் லோடு ஏற்றினால் முள் ஏறுகிறது

வெறுமனே ஓடும்போது 80, மடிவலை இழுக்கும்போது 95. இது ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளே படிந்ததன் அடையாளம். தண்ணீர் போகிறது, ஆனால் குழாய்ச் சுவரில் உப்பும் வண்டலும் போர்வையாக நிற்பதால் சூட்டை வாங்கிக்கொள்வதில்லை. ஆறிய பிறகு இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். தேன்கூடு மாதிரி எல்லாத் துளைகளும் தெரிய வேண்டும்.

சேறு மட்டும் என்றால் தென்னை ஈர்க்குச்சியே போதும், ஒவ்வொரு குழாயாகக் குத்தித் தண்ணீர் விடுங்கள். இரும்புக் கம்பியை விடாதீர்கள், குழாய் மெல்லிய செம்புக் கலவை, ஒரு கீறல் நாளைக்கு ஓட்டையாகும். வெள்ளையாகக் கல் மாதிரி பிடித்திருந்தால் குழாய்க்கட்டை வெளியே எடுத்துச் சிட்ரிக் ஆசிட் தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். நுரைப்பது நின்றதும் எடுத்துக் கழுவி மறுபடி ஊற வைக்கலாம். அவசரத்துக்குக் கழிவறை ஆசிட்டைப் பயன்படுத்துகிறவர்கள் தண்ணீர் பத்துப் பங்குக்கு ஆசிட் ஒரு பங்கு, ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. கையுறை போட்டு, வெட்டவெளியில் செய்யுங்கள். கடைசியில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுங்கள். அலுமினியப் பாகம் எதையும் இந்த ஆசிட்டில் போடக் கூடாது, தின்றுவிடும்.

மூடியில் பென்சில் மாதிரி ஒரு துத்தநாகத் துண்டு திருகியிருக்கும். உப்புத் தண்ணீர் செம்பை அரிக்காமல் முதலில் தன்னை அரிக்கக் கொடுப்பது அதன் வேலை. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் அது வேலை செய்யும்.

அடிக்குழாய்ப் படகுக்காரர்களுக்கு இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். குழாய் மேல் கொட்டலசு, அல்லது படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது குழாயின் மேலும் மூன்று கை அடித்திருப்பார்கள். பெயின்ட் சூட்டைத் தடுக்கும். லகூனில் வற்றுத் தண்ணீரில் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும்போது இன்ஜினை ஓட்டினாலும் இதே கதிதான். குழாய் சேற்றுக்குள் புதைந்திருந்தால் சூடு எங்கே போகும்?

இன்னொன்று, சூட்டுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும்: படகைத் தள்ளும் விசிறியில் (புரொப்பல்லர்) வலை சுற்றியிருந்தாலும், அளவு கூடிய விசிறி போட்டிருந்தாலும் இன்ஜின் திணறிச் சூடேறும். அப்போது கரும்புகையும் வரும்.

ஓட்ட ஆரம்பித்ததுமே ஏறுகிறது, அல்லது எவ்வளவு நேரமானாலும் ஏறுவதே இல்லை

இப்போதுதான் தெர்மோஸ்டாட் பேச்சு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். 82 என்று முத்திரை இருந்தால் அந்த இடத்தில் மெல்லத் திறக்கத் தொடங்கி, 95-ஐ ஒட்டி முழுவதும் திறக்க வேண்டும். இறக்கினால் மூட வேண்டும். சரியாக இருந்தால் திரும்பப் போடுங்கள், சின்னக் காற்றுத்துளை மேல்பக்கமாக வரும்படி.

இல்லாமலே ஓட்டலாம் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவது உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் சுற்றுவழி மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் திரும்பத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், லோடில் முன்பைவிடச் சூடேறும். லோடு இல்லாதபோதோ இன்ஜின் குளிர்ந்தே ஓடும், டீசல் முழுதும் எரியாமல் ஆயிலில் இறங்கும், லைனர் தேயும். உப்புத் தண்ணீரையே நேராக இன்ஜினுக்குள் விடும் பழைய மாடல்களில் மட்டும் சுமார் 60 டிகிரியில் திறக்கிறது போட்டிருப்பார்கள், அதற்கு மேல் சூடானால் உப்பு உள்ளே படியும். அதற்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெல்ட்டையும் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல் இறங்கலாம். பக்கத்தில் கறுப்புப் பொடி படிந்திருந்தால் வழுக்குகிறது.

டேங்கில் தண்ணீர் குறைகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை

மூடியின் ரப்பரை முதலில் பாருங்கள், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அடுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய் ஓட்டையானால் ஓடும்போது கூலன்ட் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து கடலுக்குப் போகும். மாறாக டேங்கில் மட்டம் கூடி வழிந்தால் கடல் உள்ளே வருகிறது. அது உப்பா என்று நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் விஷம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 

மூடியைத் திறந்து, ஆறிய இன்ஜினை ஓட்டும்போது டேங்கில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட். ஆயில் குச்சியில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அதன் பிறகு ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். இது கரையில், தளம் உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை.

டேங்குக்கு அடிபம்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் நிலத்தடி நீரிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரித் தண்ணீரும் கூலன்டும் சரிபாதி.

சைலன்சர் ஹோஸ் தொட முடியாமல் சுடுகிறது, ரப்பர் நாற்றம்

தண்ணீரும் புகையும் கலக்கும் வளைவு உள்ளே கரியும் உப்பும் கட்டி அடைத்திருக்கும். கழற்றிக் குத்தி எடுங்கள், உள்சுவர் பொத்தலாகியிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் போகும். இதையொட்டி ஒரு எச்சரிக்கை: ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது அடிவால்வை மூடி வையுங்கள். பம்ப் ஏற்றும் தண்ணீரைத் தள்ள புகை இல்லாததால் சைலன்சர் நிரம்பி இன்ஜினுக்குள் ஏறிவிடும். ஸ்டார்ட் ஆன உடனே வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

தடைக்காலத்தில் செய்ய வேண்டியது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு நிற்கும். அந்த 61 நாளும் இம்பெல்லரின் இறக்கைகள் பம்புக்குள் வளைந்தபடியே கிடந்தால் அப்படியே நின்றுவிடும், முதல் நாள் ஓட்டும்போது முறியும். கட்டிய அன்றே நல்ல தண்ணீரை வடிகட்டியில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவி, இம்பெல்லரைக் கழற்றிப் பையில் போட்டு, அந்தப் பையைச் சாவியோடு கட்டி வையுங்கள். சாவியைத் தேடும்போது அது கையில் தட்டுப்படும். அடிவால்வை வாரம் ஒரு தரம் திறந்து மூடினால் இறுகாது.

எந்த வேலை செய்த பிறகும் முதல் ஓட்டத்தை ஆற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் லோடு இல்லாமல், பத்து நிமிடம் லோடோடு. தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே இருந்த காற்று வெளியேறி டேங்க் மட்டம் இறங்கும். ஆற விட்டு நிரப்பி, ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு முகத்துவாரத்தைத் தாண்டுங்கள்.